எத்தனை நாளில் கழியும்

இடைசெவல்,
ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள அத்தானுக்கு,

வள்ளிமயில் எழுதுவது. நானும் பாப்பாவும் சுகம். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறாள். நீங்களும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் இந்தக் காலத்தில் கடிதம். சிரிக்காதீர்கள்.

மழை ஒரு வழியாகப் பெய்தது. ஆனால் மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்றி விடுவதாக இல்லை. அப்பா காவல் கிடந்து கிடந்து, சாப்பிட உட்கார்ந்த இடத்திலேயே தூங்குகிறார். என் பாடும் அதேதான். உங்கள் மகள் பால் குடித்த கையோடு மறுபடி அழுகிறாள். உடம்பு அசந்து கிடக்கிறது, அத்தான்.

அவளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. நீங்கள் வந்து மடியில் வைத்துக்கொண்டால்தானே காதில் பெயரைச் சொல்ல முடியும்? லீவு கிடைக்கவில்லை என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

நம் கல்யாணத்தன்று வெயிலுமுத்து மாமா உங்களை வம்புக்கு இழுத்தது நினைவிருக்கிறதா? தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருப்பவர் வேறெப்படிக் கேட்பார்? ‘மாப்ளே, எரிஞ்ச குச்சிய மறுபடி உரசுற வேலையாமே’ என்றார். அணு ஆராய்ச்சி உலையில் போட்டு எடுத்த எரிபொருளில் பெரும்பங்கு எரியாமலே கிடக்கும், அதை அமிலத்தில் கரைத்துப் பிரித்தெடுக்கிறோம், பயப்பட ஒன்றுமில்லை என்று பந்தியில் இருந்தவர்களுக்கெல்லாம் பொறுமையாக விளக்கினீர்கள். அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை!

பாப்பா பிறப்பதற்கு முந்தின வாரம் வேலையில் உங்கள் கையுறை கிழிந்தது. கையைக் கழுவி, கருவி வைத்துப் பார்த்து, கதிரியக்கம் ஒன்றும் ஒட்டவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதை என்னிடம் சொன்னதும் நீங்கள்தான். அப்புறமும் ஏன் கொஞ்ச நாள் போகட்டும், கொஞ்ச நாள் போகட்டும் என்கிறீர்கள்?

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் அதையும் ஒரு தீட்டு என்று எடுத்துக்கொண்டாள். ‘நம்ம வீட்டுத் தீட்டு எப்பவோ கழிஞ்சாச்சு. மாப்பிள்ளைக்கு அது எத்தன நாள்ல கழியுமாம், கேட்டுச் சொல்லுட்டி’ என்கிறாள். கேலி இல்லை, நிஜமாகவே கேட்கிறாள். சிரிக்கப் போய் அழுதுவிட்டேன்.

அம்மா சொல்லித் தெரிந்துகொண்டு வெயிலுமுத்து மாமா நேற்று வந்து, அங்கன இனிமேல் பிள்ளையை அனுப்ப வேண்டாம், பெத்தவனே தொடப் பயப்படுதானே என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். ஊருக்கெல்லாம் தைரியம் சொன்னவர், சொந்தப் பிள்ளையைத் தொடப் பயந்து ஒளிந்துகொண்டால் நான் என்ன சொல்லட்டும்? பயப்படுவதற்காக எனக்குக் கோபமில்லை. என்னிடம்கூட அதைச் சொல்லாமல் இருக்கிறீர்களே, அதுதான் பொறுக்கவில்லை.

பயம் போன பிறகு வரலாம் என்று இருக்காதீர்கள். அது எப்போது போகும் என்று எந்தக் கருவியும் சொல்லப்போவதில்லை. பயந்துகொண்டே வாருங்கள். உங்களால் முடியவில்லை என்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானே பஸ் ஏறிவிடுகிறேன். பயப்படத்தான் வேண்டும் என்றால் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்து பயப்படுவோம்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்,
வள்ளிமயில்