பாதியில் எழுந்து போகிறவன்

12.08.2004, வியாழன்

இணையத்தில் நான் கதை சொல்லி நடத்தும் விளையாட்டுக்கு, கூட ஆடுகிறவர்கள் போட்ட மதிப்பெண் இன்று வந்தது. எல்லோரும் ஐந்துக்கு ஐந்து. ஒருவர் மட்டும் ஒன்று போட்டு, "பாதியில எந்திரிச்சுப் போயிருவாரு, நம்பி ஆட முடியாது" என்று எழுதியிருந்தார். பெயரைப் பார்த்தேன். சிவா.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துச் சிவாதான். இப்போது ஹட்டனில் ரூம் எடுத்து, நான் போகும் நெட் கஃபேயிலேயே வேலை செய்கிறான். வீட்டுக்குப் போக, டயகம ஊருக்கான கடைசி பஸ்ஸை விட்டால் எனக்கு வேறு வழியில்லை என்பது அவனுக்குத் தெரியாதா?

அதைப் பற்றி அவனிடம் கேட்காமல் இன்றைய ஆட்டத்தைத் தொடங்கினேன். இன்றும் அவனே வந்து தோளைத் தட்டினான்.

"பஸ் போயிரும்டா, கெளம்பு."

எப்போதும் போலச் சிரித்தான். நானும் பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.