கட்டை தாண்டி நடந்தவருக்கு

என்னோடு இருந்தவரே,

'சம்முகத்தோட அப்பா' என்றுதான் ஆயுசு முழுக்க உங்களைக் கூப்பிட்டேன். இனி அப்படிக் கூப்பிட வாய் வரவில்லை. பேர் சொல்லும் பழக்கமும் இல்லை. அதனால் இப்படி ஆரம்பிக்கிறேன்.

அன்றைக்குக் கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை நான் மறக்கவில்லை. நம் மகன் சண்முகம். மருமகள் ராஜம்மாள். பட்டுச்சேலை கட்டிய பேத்தி கமலம். தங்கள் மகனுக்கு அவளைப் பெண் பார்க்க வந்த, ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலாயுதம், அவர் சம்சாரம் தங்கம். வெற்றிலைத் தட்டை இரவல் கொடுக்க வந்து நின்ற பக்கத்து வீட்டுப் பெண் ரொக்கையா.

நீங்கள் அறைவாசலில் நின்றீர்கள். கை நடுங்கியது. கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. எல்லாரும் உங்களையே பார்த்தார்கள். நான் அடுப்படிக்கு ஓடி, விறகுக் கட்டைகளை அள்ளிவந்து, எட்டு வைக்கும் தூரத்துக்கு ஒன்றாகக் கூடம் முழுக்கப் போட்டேன். பிறை ஊரில் ரயில் பாதைக்குக் கட்டை போட்ட காலத்தில் நடந்த மாதிரியே, ஒவ்வொன்றாகத் தாண்டிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். வெறும் தரையில் நகராத கால் கட்டையைக் கண்டால் நகரும். அது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த சங்கதி.

தங்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சம்பந்தி வீட்டுல சர்க்கஸும் உண்டு போல லா."

சண்முகம் சிரிக்கவில்லை. அவர்கள் போன பிறகு உங்கள் எதிரே வந்து நின்றான். "கட்டை போட்டா நடக்க வருது, போடாட்டி வராதா? யார்கிட்டப்பா நடிக்கிறீங்க?"

நீங்கள் பேச வாயெடுத்தீர்கள். குரல் வெளியே வருவதற்குள் அவன் கட்டைகளைப் பொறுக்கி அடுப்பில் போட்டுவிட்டான். மறுநாள் விறகு அறைக்குப் பூட்டு. அந்தச் சம்பந்தம் என்னவோ நல்லபடியாகத்தான் முடிந்தது. நீங்கள்தான் அப்புறம் நடக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் நீங்கள் கண்ணை மூடிய அன்று சீன டாக்டர் வந்தார். அவர் பேசியதை, புண்ணுக்கு மருந்து கட்டும் டிரெசர் தம்பி தமிழில் சொன்னார். "அம்மா, ஐயாவோட தலையைத் திறந்து பாக்கலாமான்னு கேக்குறார். வேண்டாம்னா விட்டுடுவோம்."

"நடிச்சாரா இல்லையான்னு தெரியுமா?" என்றேன்.

"தெரியலாம்."

எழுத்துக்கூட்டி என் பேரை எழுதிக் கொடுத்தேன். அறுத்த உடம்புக்குக் கொள்ளி வைக்க மாட்டேன் என்றான் சண்முகம். சொன்னபடி வரவும் இல்லை. உங்களோடு ரயிலில் வேலை செய்த முனியன்தான் வைத்தார்.

பிறகு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய், பார்க்க வேண்டும் என்று நின்றேன். இரண்டு கண்ணாடி ஜாடிகளைக் காட்டினார்கள். ஒன்றில் யாரோ ஒருவருடைய மூளைத் துண்டு. அதன் குறுக்கே மையால் கீறிய மாதிரி ஒரு கறுப்புக் கோடு. மற்றதில் நீங்கள். கோடு இருக்க வேண்டிய இடம் வெளுத்துக் கிடந்தது.

"காலைக் கிளப்பிவிடுற உயிரணுவெல்லாம் அந்தக் கறுப்புலதாம்மா இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. ஐயாவுக்கு அது ஒவ்வொண்ணா செத்துப்போச்சு. மனசு போகச் சொன்னாலும் கால் கிளம்பாது" என்றார் டிரெசர்.

"அப்ப கட்டை போட்டா மட்டும்?"

டிரெசர் அதை டாக்டரிடம் கேட்டார். டாக்டர் தாடையைத் தடவினார். "கண்ணு வழியா வேற பாதையில கட்டளை போகுதோ என்னமோங்கிறார். சரியாத் தெரியலையாம்."

அது ஏன் செத்தது என்று கேட்டேன். அதுவும் தெரியாதாம். தெரியாது என்று ஒரு படித்த மனிதர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நம் மகனுக்கு எல்லாம் தெரியும்.

"நடிக்கலையே?"

"நடிக்கலம்மா."

அந்த ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு நேரே சண்முகத்தின் வாசலுக்குப் போனேன். கதவு திறக்கவில்லை.

இப்போது ரொக்கையா வீட்டுப் பின்னறையில் இருக்கிறேன். நம் மகன் வீட்டுக்கும் இதற்கும் நடுவில் ஒரு சுவர்தான். கமலம் பிள்ளை பெற்றிருக்கிறாள். அழுகை கேட்டுத்தான் எனக்குத் தெரியும். ஆணா, பெண்ணா? "நான் போயி கேட்டுட்டு வரவா அக்கா?" என்கிறாள் ரொக்கையா. வேண்டாம் என்றுவிட்டேன். அழுகை நின்றுவிட்டால் எனக்கு நேரம் போவதில்லை. நீங்கள் இருந்தால் யாரைப் போல அழுகிறது என்று சொல்லியிருப்பீர்கள், இல்லையா?

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். என் காலம் முடிந்தால் என் தலையையும் திறக்கலாம் என்று டிரெசரிடம் சொல்லியாகிவிட்டது. எனக்குக் கோடு கறுப்பாகத்தான் இருக்கும். அந்த யாரோ ஒருவரை எடுத்துவிட்டு, உங்கள் பக்கத்தில் என்னை வைக்கட்டும்.

'அவன ஒண்ணும் சொல்லாத புள்ள' என்றீர்கள் கடைசியாக. உங்கள் வார்த்தையை நான் தட்டியதில்லை. இதைத் தட்டுகிறேன். நான் சொல்லச் சொல்ல டிரெசர் தம்பி எழுதிய இந்தக் கடிதம் பத்திரிகைக்குப் போகிறது. காலையில் அவன் பத்திரிகையை உரக்கப் படிப்பது சுவர் தாண்டிக் கேட்கும். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பேன். தங்கம் சிரித்ததை விட்டுவிட்டேன். ராஜம்மாளை இன்னும் யோசிக்கிறேன். அந்தக் கூடத்தில் இருந்தவர்களில் எந்தக் காலத்திலும் நான் மன்னிக்காத ஒருவனுடைய பேரையும் அவன் வாயாலேயே படிக்கட்டும்: சண்முகம்.

உங்கள் பெண்சாதி,
வள்ளியம்மை