யோகத்தின் மகளுக்கு ஒரு கையெழுத்து

என் யோகத்துக்கு,

நீ கண்ணை மூடி மூன்று வருஷமாகிறது. கடை அதே இடத்தில்தான் இருக்கிறது. ஜெராக்ஸ் மெஷினைத்தான் மாற்றிவிட்டேன், பழையது பேப்பரைத் தின்ன ஆரம்பித்துவிட்டது. தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து, முகாம் பிள்ளைகளின் சர்டிபிகேட்டையெல்லாம் முந்தானைக்குள் மூடிக்கொண்டு வந்து நீ உட்காரும் ஸ்டூலும் இருக்கிறது. யாராவது அதில் உட்கார்ந்தால் எனக்கு எரிச்சல் வரும். எழுப்பிவிடத்தான் முடிகிறதா?

உன் மகள் என்னைப் பெரிய சங்கடத்தில் மாட்டிவிட்டாள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீ இருக்கும்போது சேர்ந்த பி.காமை முடித்துவிட்டு, நிரோஷா இப்போது ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். எனக்குக்கூடச் சொல்லாமல் ஒரு ஃபெலோஷிப்புக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். அகதிப் பிள்ளைகளைக் காலேஜில் கொண்டுபோய்ச் சேர்க்க யாராவது திட்டம் வைத்திருந்தால், அதை நடத்த ஒரு வருஷத்துக்குச் சம்பளமும் செலவும் தருகிறார்களாம். இவள் திட்டம் என்ன தெரியுமா? நம் பக்கத்து முகாம் ஒவ்வொன்றுக்கும் போய், பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைகளோடு உட்கார்ந்து விண்ணப்பம் எழுதி, காலேஜ் வாசல் வரைக்கும் கூடவே போவது. நீ கூலியில்லாமல் செய்த வேலைதான். அதற்குச் சம்பளம் என்றால் எனக்குச் சந்தேகம் வராதா?

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பல்லையும் பார்ப்பேன், சுழியையும் பார்ப்பேன். எங்கேயோ இருக்கிற ஆளுக்கு நம் முகாம் பிள்ளை படித்தால் என்ன, படிக்காவிட்டால் என்ன? பிள்ளைகளின் பேர் எதற்கு, போட்டோ எதற்கு, குடும்பம் எந்த வருஷம் கடல் தாண்டி வந்தது என்ற விவரம் எதற்கு? கேட்டால், "எல்லாத்துக்கும் ஒரு எதுக்கு வச்சிருக்கிய பெரியம்மா" என்று சிரிக்கிறாள்.

எனக்கு ஏன் இந்தச் சந்தேகம் என்று உனக்குத் தெரியும். உனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த டிரஸ்ட் ஆளை நான் மறக்கவில்லை. வெள்ளைச் சட்டை, பையில் ரெண்டு பேனா, ரெண்டு வருஷமாக என் கடைக்கு வந்து போனவன். முகாம் பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறேன், ஒரிஜினல் மார்க் ஷீட் வேண்டும் என்றான். நீ ஏழு பிள்ளைகளின் மார்க் ஷீட்டைக் கொண்டுவந்தாய். "அக்கா, ஒரு கொப்பி எடுத்துப்போட்டுக் குடுப்பமே" என்றாய். அன்றைக்குப் பார்த்துக் கரண்ட் இல்லை. "கரண்டு எப்ப வருமோ. நமக்குத் தெரிஞ்ச அண்ணாச்சிதான, குடுத்து விடு யோகம். எங்க போயிரப் போறாவ" என்று சொன்னது நான்தான். அவன் போயே போய்விட்டான்.

டூப்ளிகேட் வாங்க நீ எத்தனை ஆபீஸ் ஏறி இறங்கினாய். அதற்குள் அட்மிஷன் முடிந்துவிட்டது. மற்ற பிள்ளைகள் அடுத்த வருஷம் சேர்ந்தார்கள். சுதன் மட்டும் சேரவில்லை. அந்த ஒரு வருஷத்துக்கு என்று பெயிண்ட் அடிக்கப் போனவன் இன்னமும் பெயிண்ட்தான் அடிக்கிறான். முகாமே உன்னைத் திட்டியது. நீ ஒரு தடவைகூட என் பேரைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? நானும் கேட்கவில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த ஃபெலோஷிப் ஆபீஸிலிருந்து ஒரு அம்மா முகாமைப் பார்க்க வந்தார். முந்தின நாள் மழை. கரிசலில் காரின் சக்கரம் பாதி இறங்கி நின்றுவிட்டது. நானும் போயிருந்தேன், சந்தேகம் வீட்டில் சும்மா இருக்க விடுமா? அந்த அம்மா இறங்கி, கையிலிருந்த தாளைப் பார்த்து, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைகளின் பேரை ஒவ்வொன்றாக வாசித்தார். அவ்வளவுதான். "செக்கிங்" என்று யாரோ சொல்ல, அது வீடு வீடாகப் போய்விட்டது. வெளியாள் வந்து பேர் வாசித்தால் அது தலை எண்ணத்தான் என்று அங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஆள் இல்லாவிட்டால் முகாம் பதிவிலிருந்து பேர் போய்விடும் என்ற பயம். டவுனில் வேலையாக இருந்த ஆண்களுக்குப் போன் பறந்தது. கொஞ்ச நேரத்தில் முகாம் முழுவதும் வீட்டு நம்பர் வரிசையில் நின்றது. சுதன் முகத்தில் நீலப் பெயிண்டோடு ஓடிவந்து, அவன் வீட்டு நம்பருக்கு உரிய இடத்தில் போய் நின்றான்.

"நான் கணக்கெடுக்க வரலைங்க, தயவுசெஞ்சு உட்காருங்க" என்று அந்த அம்மா கும்பிட்டார். ஒருத்தரும் நகரவில்லை. "கையெழுத்தை வாங்கிப்போட்டு எங்களை அனுப்புங்கோ" என்றார் ஒரு பெரியவர். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்த அம்மா போனை எடுத்து வரிசையைப் படம் பிடிப்பார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பிடித்திருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். பிடிக்கவில்லை. படம் பிடிக்காத ஆளையும் என்னால் நம்ப முடியவில்லை, என்ன செய்ய.

அப்போது வரிசையில் நின்ற ஒரு தாய், செக்கிங்குக்கு என்று கொண்டுவந்த பாலிதீன் பையைப் பிரித்து, மகனின் மார்க் ஷீட்டை எடுத்து அந்த அம்மாவிடம் நீட்டினாள். ஒரிஜினல். அவர் கேட்கக்கூட இல்லை. நான் எப்படிப் போனேன் என்று தெரியாது, பாய்ந்துபோய்ப் பிடுங்கிவிட்டேன். "யார் கையிலயும் குடுக்காத தாயி" என்று கத்தியிருக்கிறேன். என் செருப்பு ஒன்று சேற்றுக்குள் கிடந்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "நீங்க சொல்றது சரிதாம்மா" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். வரிசையில் நின்றவர்கள்தான் கடைசியில் அவர் காரைத் தள்ளிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை நிரோஷா ஒரு படிவத்தோடு கடைக்கு வந்தாள். அவளை நன்றாகத் தெரிந்த ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். இடம் அவளுக்குத்தான் என்று சொல்லிவிட்டார்களாம், இது மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடுமாம். "இவரை நீங்கள் ஏன் நம்புகிறீர்கள்?" என்று அதில் ஒரு கேள்வி. அவளை நம்புகிறேனா என்று அவர்கள் கேட்கிறார்கள். அவர்களை நாம் நம்புகிறோமா என்று கேட்கப் படிவத்தில் இடமே இல்லை.

"ஏட்டி, நீ வேற ஆளைப் பாரு" என்றேன். "உனக்கு ஒரு விஷயம் தெரியாது."

உன் ஸ்டூலில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கரண்ட் இல்லாதது, குடு என்று நான் சொன்னது, நீ கடைசி வரை வாய் திறக்காதது. "அந்தப் பாவத்தைச் செஞ்ச கை இது. இதுல கையெழுத்து வாங்காத."

அவள் படிவத்தை மடியில் வைத்து நீவிக்கொண்டே இருந்தாள். "தெரியும் பெரியம்மா. அம்மா ஆஸ்பத்திரியில கிடக்கேக்க சொன்னவ." மனசு கனத்தால் அவளுக்கு உன் பேச்சு வந்துவிடும்.

"தெரிஞ்சுமா எங்கிட்ட வந்த?"

"ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளைப் பறிச்சீங்களே. வேற ஆர் பறிப்பினம்?"

ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருத்தர் பத்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்காக லேசில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடவில்லை. படிவம் முழுவதையும் வாசித்துக் காட்டச் சொன்னேன். பிள்ளை சம்மதிக்காமல் பேரோ போட்டோவோ வெளியே போகாது என்று அந்த அம்மாவிடம் எழுதி வாங்கினேன். அதை மூன்று பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். ஏன் நம்புகிறீர்கள் என்ற கேள்விக்கு, "இவள் அம்மா, தன் மேல் பழி வந்தபோதும் தப்புச் செய்தவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தத் தப்பைச் செய்தவள் நான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வியாழக்கிழமையே ஸ்கேன் எடுத்து அனுப்பியாயிற்று. சுதன் கடைக்கு வந்தபோது அவனிடமும் சொல்லிவிட்டேன். டீ மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான்.

அந்த ஆபீஸை நான் இன்னும் நம்பவில்லை. வருஷம் முழுக்க நம்பப்போவதும் இல்லை. அதனால் நிரோஷா போகிற முகாமுக்கெல்லாம், சின்ன ஜெராக்ஸ் மெஷின் ஒன்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நானும் போகிறேன். எந்தப் பிள்ளையின் ஒரிஜினலும் அந்தப் பிள்ளையின் கண்ணை விட்டு நகராது. இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு. நடுவில் கரண்ட் போனால், அது வருகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

கூடப் பிறக்காத உன் அக்கா,
பேச்சியம்மாள்