வாய்க்குப் பழகாத பேர்

திங்கள்

வாடைக்காற்று. காலையிலிருந்து தூறல். மீன்பிடிக்க ஏரிக்கு யாரும் போகவில்லை.

வீட்டுக்காரரை பஸ்ஸில் ஏற்றிப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு. மூளையில் ரத்தம் அடைத்துப் பேச்சு போனதிலிருந்து இதே அலைச்சல். பேச்சுப் பயிற்சி தருகிற பெண் செல்போனில் படம் காட்டினாள். வலை என்றார். இறால் என்றார். மகளைக் காட்டினால் 'கீர்த்தி'. அவர் தம்பி போட்டோவுக்கு 'மாரி'. பிறகு என்னைக் காட்டி, இது யார் என்று கேட்டாள். மேலே ஃபேனைப் பார்த்தார். "தெர்ல."

திரும்பும்போது பஸ் திருப்பாலைவனம் தாண்டும்வரை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தினமும் ஊட்டிவிடுகிற கை யாருடையதாம்?

செவ்வாய்

வெயில். நண்டு விலை இறக்கம்.

தண்ணீர் கேட்க வராத வாய், மீனை இழுத்த பூனையைக் கெட்ட வார்த்தையில் திட்டியது. ஓர் எழுத்து பிசகவில்லை. மாலையில் மாரி வந்தான். இந்த முறை யாருக்கு எந்த இடத்தில் வலை என்று பேச்சு. ஏரியில் இருக்கிற பள்ளம் மேடெல்லாம் பேர் பேராகச் சொல்கிறார். சேற்றின் பேர்கூட ஞாபகம் இருக்கு. என் பேர் இல்லை.

புதன்

சோப்பு, மாத்திரை, கீர்த்தி பஸ் பாஸ்.

பயிற்சிப் பெண்ணுக்குப் போன் போட்டுப் புலம்பினேன். முன்பு எப்படிக் கூப்பிடுவார் என்றாள். 'இந்தாமே'தான். எங்கள் குப்பத்தில் எந்த ஆம்பளை பெண்டாட்டி பேரைச் சொல்கிறான்? நானும் அவர் பேரைச் சொன்னதில்லை.

"அப்ப அந்தப் பேரு அவரு வாய்க்குப் பழகவே இல்லியேக்கா. தினம் பொழங்குன சொல்லுதான் சீக்கிரம் திரும்பி வரும்."

புதிதாகச் சொல்லிக்கொடுக்கணுமாம். ஆக, மறக்கவில்லை. மனசில் வைத்துக்கொள்ளவே இல்லை. இது அதைவிட மோசம்.

வியாழன்

மறுபடி தூறல். இறால் உரித்துக்கொண்டே பாடம்.

"வசந்தா. சொல்லு."

"வ... வலை."

எத்தனை தடவை சொன்னாலும் வலைதான். கீர்த்தி சிரித்தாள். அவளுக்கும் திட்டு.

வெள்ளி

மழை விட்டது. வந்துவிட்டது! "வசந்தா." தெளிவாக. கை கழுவாமல் ஓடினேன். கீர்த்தியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மாரி வந்தான், அவனும் வசந்தா. டீக்கடை பாய் நலம் விசாரிக்க வந்தார், அவரும் வசந்தா. அந்தத் திருட்டுப் பூனையும்.

எதிரில் போய் உட்கார்ந்தேன். நான் யாரு, சொல்லு என்றேன். நோய் வந்தபின் முதல் தடவையாக,

"இந்தாமே," என்றார். "டீ."

ஊருக்கெல்லாம் என் பேர். எனக்கு மட்டும் இது. துரோகி. டீ போட்டேன். கண்ணைத் துடைத்ததில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். அப்படியே குடிக்கட்டும்.