திரையில் பால் கறந்த மாப்பிள்ளைக்கு

பேரிகை ஊரின் பேரழகனே, என் தங்கையைக் கட்டியவனே, செத்தும் என்னை விடாத என் அருமை மாப்பிள்ளைக்கு,

நீ போய்ச் சேர்ந்த இடத்தில் சௌக்கியமாகத்தான் இருப்பாய். இங்கே நான்தான் சௌக்கியமாக இல்லை. எனக்குப் பொறாமை. உயிரோடு இருக்கிறவன் இறந்துபோனவனைப் பார்த்து வயிறு எரிவது ஈரேழு பதினான்கு லோகத்திலும் இதுவே முதல் தடவையாக இருக்கும்.

போன வாரம் சர்க்கார் படவண்டி நம் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு விவசாயம் சொல்லிக்கொடுக்கிற படமாம். பொழுது சாய்ந்ததும் வெள்ளைத் துணியைக் கட்டினார்கள். உழவு வந்தது, கேழ்வரகு விதைப்பு வந்தது, களையெடுப்பு வந்தது. பிறகு நீ வந்தாய். பனைமர உயரத்துக்கு, முறுக்கிய மீசையோடு, நம் சிவப்புப் பசு கெம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

"எங்கப்பாடா! அது எங்கப்பாடா!" என்று உன் மகள் மாதம்மா போட்ட கூச்சலில், மைசூர் எல்லைச் சாவடியில் தூங்கிக்கொண்டிருந்தவன் எழுந்து உட்கார்ந்திருப்பான். நீ காய்ச்சலில் போனபோது அவள் தவழ்கிற குழந்தை. உன் முகத்தை அன்றைக்குத்தான் பார்க்கிறாள். எனக்கும் கண் கலங்கியது, இல்லையென்று சொல்லவில்லை.

ஆனால் அடுத்த நொடி திரை முழுக்க இரண்டு கைகள் வந்தன. மடியைக் கழுவின. கறந்தன. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள்.

"எங்கப்பா கையப் பாருங்கடி! மாட்டுக்கு வலிக்காம எவ்ளோ பதமா கறக்குது!"

மாப்பிள்ளை, உன் கையா அது?

படம் பிடிக்க வந்தார்களே, அந்த நாள் மறந்துவிட்டதா? கெம்பியைக் கண்டால் நீ பத்தடி தள்ளி நிற்கிறவன். குந்தாரப்பள்ளிச் சந்தையில் அவளைப் பிடித்து வந்தவன் நான், கறந்தவனும் நான். நான் கறக்கும் சத்தம் கேட்டால் மைசூர் ராஜ்ஜியத்துக் கன்றுகளெல்லாம் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவரும். அந்த மெட்ராஸ் டைரக்டரோ என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்க முகத்தைக் காட்டினா பட்டணத்துப் பிள்ளைங்க பால் குடிக்கிறதையே விட்டுடும். முகத்துக்கு அவர் இருக்கட்டும், கைக்கு நீங்க உக்காருங்க" என்றாரே!

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "வுடு மச்சான், கையி உன்துன்னு யாருக்குத் தெரியப்போவுது?" என்றாய். தெரியத்தான் இல்லை.

மறுநாள் காலையில் நடந்ததைக் கேள். மடியைக் கழுவு, கன்றை முதலில் ஊட்டவிடு என்று மாதம்மாவுக்கு எத்தனை நாள் தொண்டை வறளச் சொல்லியிருப்பேன்? காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள். அன்றைக்குப் பார்த்தால் நான் போவதற்குள் செம்போடு தொழுவத்தில் நிற்கிறாள்.

"தள்ளு மாமா. எனக்குத் தெரியும்."

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"எங்கப்பா."

என் வயிற்றில் எரிந்த நெருப்பில் ஓசூர் முழுவதற்கும் சோறாக்கியிருக்கலாம்.

உட்கார்ந்தாள். கன்றை ஊட்டவிட்டாள், மடியைக் கழுவினாள், ஒன்றையும் விடவில்லை. ஆனால் காம்பைப் பிடிக்கும்போது வலது சுண்டுவிரலை மட்டும் தனியாகத் தூக்கி நீட்டிக்கொண்டாள்.

"அந்த வெரல என்னாத்துக்குத் தூக்கற? அதையும் மடக்கிப் புடி."

"உனக்கு ஒண்ணும் தெரியல மாமா. எங்கப்பா அப்படித்தான் கறந்தாரு. படத்துல நீ பாக்கல?"

மாப்பிள்ளை, உனக்குப் பத்து விரலும் ஒழுங்காக மடங்கும். நுகத்தடியில் நசுங்கி, மடங்காமலே நின்றுவிட்ட சுண்டுவிரல் என்னுடையது. தினமும் அவளுக்குச் சோறு ஊட்டிய கையின் விரல். வீட்டில் கிடக்கிற மாமன் விரலை யார் பார்க்கிறார்கள்? யானை உயரத்துக்குத் திரையில் வந்தால்தான் கண்ணில் படுகிறது. அதுவும் உன் பேரில்!

வாய் வரைக்கும் வந்துவிட்டது. பேசக்கூட வேண்டாம், கையை அவள் மூக்குக்கு நேரே நீட்டினால் போதும். தொழுவத்து வாசலில் என் தங்கை நின்றிருந்தாள். "அண்ணா" என்றாள், அவ்வளவுதான். கெம்பி உன்னை எத்தனை தரம் கொல்லை முழுக்கத் துரத்தியிருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியாதா?

கையைத் துண்டுக்குள் செருகிக்கொண்டேன்.

"ஆமாம்மா. உங்கப்பா அப்படித்தான் கறப்பாரு. வெரலத் தூக்கியே புடி."

செம்பின் அடியில் சர்ரென்று ஒரு பீச்சு விழுந்தது. மாதம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்கப்பா கை எனக்கு வந்துடுச்சி மாமா" என்றாள்.

அதைக் கேட்டு எனக்கு வந்தது கோபமா, சந்தோஷமா? அங்கிருந்து பார்த்திருந்தால் நீயே சொல்.

யாரிடமும் சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் என்றுதான் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். உன் மகள் இன்னும் உயிரெழுத்தையே தாண்டவில்லை. ஒருநாள் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வருவாள், வரட்டும். அதுவரை என் வாயிலிருந்து ஒரு சொல் வராது. படவண்டி மறுபடி வந்தால் அவளை முதல் வரிசையில் உட்காரவைப்பேன். நீ சிரி, அவள் கத்தட்டும். பக்கத்தில் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் படத்தில் முகம் இல்லாத
உன் மச்சான்