சனி மேல் போட்ட பழி

அக்கா,

இன்று காலை வெந்தயம் தேடினேன். சமையலறை அலமாரியின் மேல்தட்டில், எல்லா டப்பாக்களுக்கும் பின்னால், ஒரு வெள்ளை பிளாஸ்டிக் புட்டி கைக்குத் தட்டுப்பட்டது. திறந்தால் வெந்தயம் இல்லை. ஈரம் உறிஞ்சும் அந்தச் சின்னப் பொட்டலமும் மருந்துக்கடை வாசனையும் மட்டும். வெளியே பாதி சுரண்டிய லேபிள். தேங்காயெண்ணெய் தடவி, நகத்தால் சுரண்டி, புதிதாகப் போட்ட நகப்பூச்சையும் கெடுத்துக்கொண்டு அன்றைக்கு நான் பார்த்த வேலை அது. வெந்தயம் இல்லாமலே தாளித்தேன். குழம்பு வாயில் வைக்க விளங்கவில்லை. சாப்பிடுவது நான் ஒருத்திதான் என்பதால் புகார் ஒன்றும் வரவில்லை.

உங்கள் வீட்டில் இப்போது ஒரு இளம் ஜோடி குடியிருக்கிறது. கதவைச் சாத்தியே வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குள் என்ன சண்டை, யார் பக்கம் நியாயம் என்று மூன்று மாதமாகியும் எனக்குத் தெரியவில்லை. லாஸ்பேட்டையில் இத்தனை வருஷம் குடியிருந்து எனக்கு இப்படியொரு கேவலம் நேர்ந்ததே கிடையாது. நீங்கள் இருந்திருந்தால் உங்களிடம் வந்து புலம்பியிருப்பேன். இரண்டாம் மாடியில் எதிரெதிர்க் கதவு, ஒரே ஆபீஸ், என் ஸ்கூட்டரின் பின்சீட்டு உங்களுக்கு. ஆபீசில் எனக்கு ‘ரேடியோ’ என்று பெயர் வைத்ததே நீங்கள்தான். கல்யாணமாகாத ஐம்பத்திரண்டு வயதுக்காரியின் கதை ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. அதனால்தான் மற்றவர்கள் கதையை எடுத்து ஒலிபரப்பிக்கொண்டிருந்தேன்.

அந்த ரேடியோவிடம் போய் உங்கள் ரகசியத்தைக் கொடுத்தீர்கள் பாருங்கள்.

உங்கள் வலது முட்டி தேய்ந்துபோய், மாடிப்படி இறங்குவதே பெரும்பாடாகிவிட்ட வருஷம். ஆபீசுக்கு நீண்ட லீவு போட்டுவிட்டீர்கள். உங்கள் கவலையெல்லாம் மீன்தான். கனகசெட்டிக்குளத்துக் கடற்கரையில் மீன் நடுவே பிறந்து வளர்ந்தவருக்கு நான் வாங்கி வரும் மீனைத் தின்ன வேண்டிய தலையெழுத்து. “ஏண்டி, இந்தச் சங்கரா செத்து ஒரு வாரம் இருக்கும். கண்ணப் பாரு, உன்னாட்டம் முழிக்குது” என்பீர்கள். முட்டிக்கு ஆபரேஷன் செய்து, பெரிய மார்க்கெட்டுக்கு உங்கள் காலால் நடந்து போய், உங்கள் கையால் செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்க வேண்டும். அவ்வளவுதான் உங்கள் ஆசை.

ஆபரேஷனுக்கு முந்தின ரத்தப் பரிசோதனையில்தான் அது தெரிந்தது. கல்லீரலில் சி வகை வைரஸ், பல வருஷமாகச் சத்தம் காட்டாமல் குடியிருக்கிறது என்றார்கள். மூட்டு டாக்டர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “இதோட கத்தி வெச்சா உள்ள வைக்கிற மூட்டுல சீழ் புடிக்கலாம். ரத்தப்போக்கும் தொந்தரவு பண்ணலாம். இது அவசர ஆபரேஷன் இல்லம்மா. மூணு மாசம் மாத்திரை, அப்புறம் மூணு மாசம் விட்டு ஒரு டெஸ்ட். கிருமி போயிடுச்சுன்னு தெரிஞ்சப்புறம் வாங்க. முட்டி எங்கயும் ஓடிடாது.”

“ஓடுனா உங்ககிட்ட ஏன் சார் வரேன்?” என்றீர்கள். டாக்டர் சிரித்தார். அடுத்து, இது ரத்தம் வழியாகத் தொற்றுவது, எப்போதாவது ரத்தம் ஏற்றியதுண்டா என்று கேட்டார். உங்கள் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

ஒரே ஒரு முறை. முப்பது வருஷத்துக்கு முன்னால், மகள் பிறந்த அன்று.

வெளியே வேப்பமரத்தடியில் ஸ்கூட்டரை எடுக்கவிடாமல் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். “அவளுக்குத் தெரியக்கூடாதுடி. தான் பொறந்ததாலதான் அம்மாக்கு இதுன்னு ஆயுசுக்கும் நெனச்சுக்கினு கெடப்பா. அவ அப்படித்தான்.” மகளுக்கும் ஒட்டியிருக்குமோ என்ற பயத்தை டாக்டர் ஏற்கெனவே தீர்த்திருந்தார். ரத்தம் ஏற்றியது பிரசவத்துக்குப் பிறகு. போதாததற்கு அவள் வருஷம் தவறாமல் ரத்த தானம் செய்கிறவள், அங்கே ஒவ்வொரு முறையும் சோதிக்கிறார்கள். உங்களுக்கு உடம்பு பற்றிய பயம் போயிற்று. மனசு பற்றிய பயம்தான் மிச்சம்.

அந்த நேரம் பார்த்துச் சென்னையிலிருந்து அவளே போன் செய்தாள். “ஆபரேஷன் என்னைக்கும்மா? லீவு சொல்லணும்.” நீங்கள் போனை என் கையில் திணித்தீர்கள். பொய் சொல்வதில் எனக்கு இருந்த நல்ல பெயர் அப்படி.

“ஜோசியரப் பார்த்தோம்மா,” என்றேன். எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. “உங்கம்மா ஜாதகத்துல சனி சரியில்லையாம். முட்டியில வைக்கிறது இரும்பு மாதிரிதானே? சனியோட உலோகம். ஆறு மாசத்துக்கு ஒடம்புல இரும்பு ஏறக்கூடாதுன்னுட்டார்.”

போனை வைத்ததும் நீங்கள் என்னைப் பார்த்த பார்வை! “சண்டாளி,” என்றீர்கள். “நானே நம்பிட்டேன்டி.”

என் ஒலிபரப்பிலேயே பெரிய வெற்றி அதுதான். ஆபீஸ் முழுக்க நம்பியது. கீழ்வீட்டு ஓனரம்மா பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் மதாம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குப் போனவர் உங்களுக்காக மாதாவிடம் சனிக்கு எதிராக மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தார். உங்கள் மகள் நம்பியதுதான் வினையாகப் போயிற்று. சனிதானே தடை, அதைத் தீர்த்துவிட்டு ஆபரேஷனை உடனே முடிப்போம் என்று அடுத்த வாரமே கார் எடுத்துக்கொண்டு வந்து உங்களைத் திருநள்ளாறுக்குக் கூட்டிப்போய்விட்டாள். அந்த முட்டியோடு, குளத்துப் படியில், தலையில் நல்லெண்ணெய் வைத்து முழுக்கு. வரிசையில் நிற்கும்போது காலை எட்டு மணி. மாத்திரை நேரம். இடுப்புப் பர்சிலிருந்து எடுத்துக் கால்சியம் என்று சொல்லி விழுங்கினீர்களாம்.

திரும்பி வந்து இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கதவைத் தட்டினீர்கள். “உன் வாயால சனிக்கு எதுத்தாப்பலயே போயி நின்னுட்டு வந்தேன்டி. மன்னிப்பு கேட்டேன். தோ பாருப்பா, சும்மா இருந்த உம்மேல பழி போட்டுட்டோம், அவ வாயாடி, மனசுல வெச்சுக்காதேன்னு.” சிரித்துச் சிரித்து உங்களுக்கு முட்டி வலி வந்துவிட்டது. வலி மாத்திரையும் கண்டபடி போடக்கூடாது என்பதால் நான் வெந்நீர்ப் பை வைத்தேன். பரிகாரம் செய்தும் ஆறு மாதம் ஆறு மாதம்தான் என்று ஜோசியர் சாதிப்பதாக மகளிடம் சொல்லிவைத்தேன். இல்லாத மனிதருக்குத்தான் எத்தனை பிடிவாதம்!

புட்டிக்கு இருபத்தெட்டு மாத்திரை, மூன்று புட்டி. மகள் கண்ணில் பட்டாலும் தெரியக்கூடாது என்று லேபிளையெல்லாம் நான் சுரண்டிக் கொடுத்தேன். பிறகு மூன்று மாதக் காத்திருப்பு. ஒரு நாள்கூட நீங்கள் தவறவில்லை. காலை எட்டுக்கு உங்கள் கதவைத் திறந்து, “போட்டாச்சு” என்று என் கதவைப் பார்த்துச் சொல்வீர்கள். நான் பல் தேய்த்துக்கொண்டே “உம்” என்பேன். அந்த ஆறு மாதம்தான் நாம் மிக நெருக்கமாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அது தெரியவில்லை. குழாயில் தண்ணீர் நிற்கிறதே என்ற கவலைதான் இருந்தது.

கடைசி டெஸ்ட் ரிசல்ட்டை லேப் வாசலில் நான்தான் பிரித்துப் படித்தேன். ‘நாட் டிடெக்டட்’ என்று இருந்தது. “கண்டுபுடிக்க முடியலையாம்க்கா. மறுபடி ரத்தம் குடுக்கணும் போல,” என்றேன். நீங்கள் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். நான் உள்ளே போய்ச் சண்டை பிடித்தேன். கவுண்டரில் இருந்த பெண், “மேடம், கிருமியே இல்லைன்னு அர்த்தம்” என்றாள். கேட்ட வேகத்தில் வெளியே ஓடி வந்து உங்களிடம் சொன்னேன். அழுவீர்கள் என்று நினைத்தேன்.

“வண்டிய எடு. மார்க்கெட்டுக்குப் போலாம்.”

“இந்தக் காலோடயா?”

“கால் கெடக்குது. எடுடி.”

என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வழுக்கும் தரையில் ஒவ்வொரு அடியாக வைத்து, மீன் வரிசை முழுவதும் நடந்தீர்கள். நான்கு கடையில் செவுளைத் தூக்கிப் பார்த்துத் தூக்கிப் பார்த்துத் திட்டினீர்கள். ஐந்தாவது கடைக்காரம்மா, “இத்தினி நாளு எங்க போயிட்டே? இந்தம்மாவ அனுப்பிட்டு!” என்று என்னைக் காட்டிக் கேட்டாள். அன்றைக்குப் பார்த்த உங்கள் முகம்தான் எனக்கு உங்கள் முகம்.

மூட்டு டாக்டர் தேதி கொடுத்தார். தேதிக்குப் பதினொரு நாள் இருக்கும்போது, காபி ஆற்றிக்கொண்டிருந்தவர் சரிந்துவிட்டீர்கள். மாரடைப்பு. கல்லீரலும் இல்லை, முட்டியும் இல்லை. நாம் காவல் காக்காத மூன்றாவது வாசல் வழியாக வந்துவிட்டது.

சாவு வீட்டில் ஆளாளுக்கு ஜோசியர் சொன்னது பலித்துவிட்டது என்றார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். ரேடியோ ஓடாததைப் பார்த்து ஆபீஸ்காரர்கள் எனக்குத்தான் உடம்பு சரியில்லையோ என்று சோடா வாங்கிக் கொடுத்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உங்கள் மகள் என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை. “அந்த ஜோசியர் எங்க இருக்கார் சித்தி? பேரு சொல்லுங்க. அம்மா ஆறு மாசம் நடக்க முடியாம கெடந்தே செத்துப்போச்சு. அப்பவே பண்ணியிருந்தா ஆறு மாசமாவது நடந்திருக்கும். நான் அவரப் போயி கேக்கணும்.”

உண்மை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஒரே வார்த்தை சொன்னால் போதும், அவளுக்கு ஜோசியர் மீதிருந்த கோபம் போய்விடும். அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் பயந்த அது. வேப்பமரத்தடியில் என் கையைப் பிடித்த உங்கள் பிடி நினைவுக்கு வந்தது.

“ஜோசியரே கெடையாதும்மா,” என்றேன். “எனக்குத்தான் பயம். ஆபரேஷன்ல ஏதாச்சும் ஆயிடுமோன்னு. நான்தான் கட்டிவிட்டு உங்கம்மாவத் தடுத்துட்டேன்.”

என் வாழ்க்கையில் சொன்ன பொய்களிலேயே மோசமாகச் சொன்னது அதுதான். குரல் நடுங்கிற்று. அதனாலேயே நம்பிவிட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். அந்த வாரக் கடைசியில் வீட்டைக் காலி செய்தாள். லாரி கிளம்பும்போது, “சாவிய ஓனரம்மாகிட்ட குடுத்துடுங்க மேடம்,” என்றாள். பிறந்ததிலிருந்து இல்லாவிட்டாலும், எனக்குத் தெரிந்த நாளிலிருந்து என்னைச் சித்தி என்று கூப்பிட்டவள்.

இதை யாராவது படித்துவிட்டாலும் பயமில்லை. உங்கள் பெயர் இதில் இல்லை. இன்னும் சிலதையும் மாற்றிவிட்டேன். எதை மாற்றினேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

எத்தனை வீட்டு விஷயத்தை எத்தனை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். எனக்குக் கிடைத்ததிலேயே நல்ல செய்தி ஒன்று என்னிடமே தங்கிவிட்டது: நீங்கள் முழுசாகக் குணமாகித்தான் போனீர்கள். ஜெயித்துவிட்டுத்தான் போனீர்கள். இதைக் கேட்டால் சந்தோஷப்படக்கூடியவள் ஒருத்திதான் இருக்கிறாள். அவளிடம் மட்டும் சொல்ல முடியாது, அக்கா.