தலைகீழ்ப் பறவை

என்னங்க,

உங்க புது விலாசத்தை வக்கீலம்மாதான் கொடுத்தாங்க.

வீட்டை ஒழிச்சாச்சு. திரைச்சீலைகளைக் கழற்றினதும் வெயில் கேட்பாரில்லாம உள்ளே வந்து படுத்துக்கிச்சு. பேசினா எதிரொலிக்குது. யார்கிட்ட பேசப்போறேன்?

"வீட்டோட எதெல்லாம் போகுது, எதை நீங்க எடுத்துக்கறீங்க?"ன்னு வக்கீலம்மா போன்ல கேட்டாங்க. மின்விசிறி எல்லாம் போகட்டும்னேன். "சுவத்துல பொருத்தினது வாங்கறவங்களுக்குத்தாம்மா. வேணும்னா பத்திரம் எழுதறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க."

மாடி ஜன்னல்ல பறவைப் படம் போட்ட நீலக் கண்ணாடியைத் தலைகீழாப் பொருத்தினீங்களே! "மாத்திடறேன், மாத்திடறேன்"னே காலத்தை ஓட்டிட்டீங்க. நான் சண்டை போடாத நாளில்லை. இப்ப பீரோ போன இடத்துல சாயங்கால வெயில் விழுது. தரையெல்லாம் நீலத் தண்ணி. அதுல அந்தப் பறவை நேரா நடக்குதுங்க. இத்தனை வருஷம் பீரோ மறைச்சிருக்கு.

வக்கீலம்மாகிட்ட இன்னும் எதுவும் சொல்லலை.

வியாழக்கிழமை பத்திரப் பதிவு. ரெண்டு பேர் பேர்லயும் வீடு இருக்கறதால ரெண்டு கையெழுத்தும் வேணுமாம். எங்கே போனாலும் பேனாவை மறந்துட்டு என் கைப்பையைத் துழாவுவீங்க. அன்னைக்கும் மறந்துட்டே வாங்க.

நானும் கொண்டு வரலை.

இப்படிக்கு,
பாதி வீட்டுக்குச் சொந்தக்காரி